அவர் வினையும் நம் கடனும்



2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் இரவு, ஃபெஞ்சல் என்று பெயரிடப்பட்ட புயல் புதுச்சேரியை அடுத்துக் கரையைக் கடந்தது. கரை கடந்த பின்னரும் அது விரைந்து விலகிச் செல்லாமல், வந்த இடத்திலேயே தங்கி மழையைக் கொட்டியது. மறுநாள் காலை 8.30 மணியோடு முடிந்த ஒரு நாள் கணக்கில் மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தமிழகத்திற்கு வடகிழக்குப் பருவமழை மூன்று திங்களில் தரும் சராசரி அளவே ஏறத்தாழ 44 சென்டிமீட்டர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த ஒரு பகலும் ஒரு இரவும் எத்தகையனவாக இருந்திருக்கும் என்பது விளங்கும்.

மயிலம் நமக்கு அயலூர் அன்று. மேல்சித்தாமூரும், வீடூரும், பெருமண்டூரும், விழுக்கமும் அமைந்த திண்டிவனம் வட்டாரமே அம்மழையின் நடுவில் நின்றது. டிசம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு இடிந்து வீட்டின்மேல் வீழ்ந்ததில் 7 உயிர்கள் மண்ணுக்குள் மறைந்தன. அவர்களுள் 5 பேர் குழந்தைகள். டிசம்பர் 2ஆம் நாள் விடியற்பொழுதில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கனஅடி நீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை கரைபுரண்டு, திருக்கோவிலூர்ப் பகுதி தொடங்கிக் கடலூர் வரையில் ஊர்களையும் வயல்களையும் மூழ்கடித்தது. நம் முன்னோர் பள்ளிகள் அமைத்தும் கல்வெட்டுகள் பொறித்தும் அறம் வளர்த்த நாடு அது.

அந்நாட்களில் நம் ஊரில் நிகழ்ந்த ஒன்றை மறைக்காமல் சொல்ல விரும்புகிறோம். பிறரைக் குறைகூறும் நோக்கம் நமக்கு இல்லை. குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு.

நம் ஊர் மேட்டில் அமைந்தது. ஓட்டு வீடுகள் சில ஒழுகின, மாட்டுக்கொட்டகை ஒன்று சாய்ந்தது என்பதன்றி நமக்குப் பெருஞ்சேதம் இல்லை. ஆனால் ஏரிக்கு அப்பால், தாழ்ந்த பகுதியில், நம் வயல்களில் நடவும் அறுப்பும் செய்து வாழும் ஏறக்குறைய நாற்பது குடும்பங்களின் வீடுகள் நீரில் நின்றன. அவர்கள் பிள்ளைகளைத் தோளில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தனர். டிசம்பர் 1ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, ஜினாலயத்து முன்மண்டபத்தில் நாங்கள் கூடினோம்.

முதலில் பேசிய பெரியவர் நன்கு கற்றவர். “எல்லாம் அவரவர் வினை. அசாதா வேதனீயம் உதயத்திற்கு வந்தால் யாரால் தடுக்க முடியும்? நாம் வருந்துவதால் என்ன ஆகிவிடும்?” என்றார். அடுத்தவர் ஒருவர், “கோபுரத் திருப்பணிக்குச் சேர்த்த பணம் இருக்கிறதே, அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக் கொடுத்தால் என்ன?” என்று கேட்டார். உடனே மற்றொருவர் எழுந்து, “தேவத்திரவியத்தை வேறு காரியத்திற்கு எடுப்பது மகாபாவம், அதைத் தொடவே கூடாது” என்றார். வாதம் வளர்ந்தது. சாத்திரம் அறிந்தவர் சாத்திரம் சொன்னார்; கணக்கு அறிந்தவர் கணக்குச் சொன்னார். இருள் சூழ்ந்தது, நாளைப் பேசலாம் என்று எழுந்து வந்தோம். மறுநாளும் பேசினோம். மூன்றாம் நாள் ஒருவாறு முடிவு செய்து, நான்காம் நாள் அரிசியும் பருப்பும் போர்வைகளும் ஏற்றிக்கொண்டு சென்றோம். நாமும் அவ்வண்டியுடன் சென்றோம்.

பள்ளிக்கூடத்துத் திண்ணையில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் பையை வாங்கிக்கொண்டு கும்பிட்டார். பின்பு மெல்லச் சொன்னார்: “அரிசிக்கு இப்போ குறையில்லீங்க நயினாரே. எல்லாரும் கொண்டாந்து கொடுக்கறாங்க. அந்த ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் யாரும் வரலை. புள்ளைக்குக் காய்ச்சல். ஒரு வாய் வெந்நீர் வெச்சுக் கொடுக்க அடுப்பு இல்லாம போச்சு.”

அவர் சொன்ன சொல்லில் சினம் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவே. அந்த ஞாயிற்றுக்கிழமை இரவில்தான் நாங்கள் அவர்களுடைய வினையைப் பற்றி மண்டபத்தில் வாதம் செய்துவிட்டு, வீட்டிற்குச் சென்று காய்ந்த பாயில் படுத்து உறங்கினோம். அன்று முதல் நம் உள்ளத்தை உறுத்திக்கொண்டிருக்கும் வினாக்களையே இங்கு அன்பர்கள் முன் வைக்கிறோம்.

வினை என்று விலகலாமா?

வினைக் கொள்கை நம் சமயத்தின் உயிர்நாடி. நன்மையும் தீமையும் பிறர் தர வருவன அல்ல. தாம் தாம் ஈட்டிய வினையின் பயனே என்று நம் ஆசாரியர்கள் ஐயமற உரைத்துள்ளனர். அதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் இக்கொள்கை யாருக்காகச் சொல்லப்பட்டது? துன்பம் வந்தவன், பிறர்மேல் பழி சுமத்திக் குரோதத்தால் புதிய வினையைக் கட்டிக்கொள்ளாமல், பொறுமையுடன் அதனைக் கடக்கும்பொருட்டுச் சொல்லப்பட்டது. தன் துன்பத்தைத் தாங்குவதற்குக் கொடுத்த ஊன்றுகோலைப் பிறருடைய துன்பத்தைத் தள்ளுவதற்குத் தடியாக எடுத்துக்கொள்வது முறையாகுமா?

நம் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், அசாதா வேதனீயம் உதயமாயிற்று என்று நாம் சும்மா இருப்பதில்லை. நள்ளிரவாயினும் வண்டி பிடித்து மருத்துவரிடம் ஓடுகிறோம். நம் வீட்டிற்கு மருத்துவர், அயலார் வீட்டிற்கு வினை என்று இரண்டு நியாயங்கள் வைத்திருப்போமாயின், அது தத்துவ ஞானம் ஆகாது; உலோபம் தத்துவத்தின் ஆடையை உடுத்துக்கொண்டது என்றே கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் எண்ணிப் பார்க்கத் தக்கது. ஒருவருடைய வினை எத்தகையது, எப்பொழுது தொடங்கி எப்பொழுது முடிவது என்பதைக் கேவல ஞானி ஒருவரே அறிவார். மதிஞானமும் சுருதஞானமும் சிறிதளவே பெற்ற நாம் அதை எவ்வாறு அறிந்தோம்? அவர்களுடைய அசாதா வேதனீயம் அன்று மாலையோடு முடிந்து, சாதா வேதனீயம் உதயமாகும் வேளை வந்திருக்கலாம். அதற்கு நிமித்தமாக நிற்கும் பேறு நம் கைகளுக்கு வாய்த்திருக்கலாம். அந்தப் பேற்றைத்தான் நாம் வாதத்தில் இழந்தோம்.

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் எச்செயல்களால் எவ்வினை உயிரில் வந்து சேரும் என்பதை வகுத்துள்ளார். சாதா வேதனீயம் வந்து சேர்வதற்குரிய காரணங்களுள் எல்லா உயிர்களிடத்தும் கொள்ளும் இரக்கத்தையும் தானத்தையும் அவர் எண்ணியிருக்கிறார். எந்தச் சாத்திரத்தை எடுத்துக்காட்டி நாம் விலக நினைத்தோமோ, அந்தச் சாத்திரமே நம்மை அருகில் செல்லப் பணிக்கிறது. மேலும் பிரசமம், சம்வேகம், அநுகம்பை, ஆஸ்திக்கியம் என்னும் நான்கும் நற்காட்சியின் அடையாளங்கள் என்பதை நம் பிள்ளைகளும் அறிவர். அநுகம்பை இல்லாத இடத்தில் நற்காட்சி உண்டு என்று எதைக் கொண்டு துணிவது?

ஆகவே, அவர்களுடைய வினையை ஆராய்வது நம் வேலை அன்று. அவர்கள் துன்புறும்பொழுது நாம் என்ன செய்கிறோம் என்பதே நம்முடைய வினை. அவர்களுக்கு வந்தது பழவினையின் பயனாக இருக்கலாம். நாம் முகம் திருப்பியது இன்று கட்டிய புதுவினை.

தாழ்ந்த இடம் யார் தந்தது?

மழையைப் பழிப்பதற்கில்லை. நீரும் காற்றும் மண்ணும் ஓரறிவுயிர்களே என்னும் நமக்கு அவை பகை ஆகமாட்டா. ஆனால் ‘இயற்கையின் சீற்றம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் மனிதர் செய்தவை பல ஒளிந்திருக்கின்றன.

நாற்பது குடும்பங்களும் ஏன் அந்தத் தாழ்ந்த இடத்தில் வீடு கட்டினார்கள்? மேட்டு நிலமெல்லாம் நம்முடையதாக இருந்ததனால் அன்றோ? ஏரிக்கு நீர் வரும் வரத்துக்காலும் மிகுநீர் வெளியேறும் கால்வாயும் நம் தந்தையார் காலத்தில் இருந்த அகலத்தில் இன்று இல்லை. ஆண்டுதோறும் ஏர் ஓட்டும்பொழுது ஒரு சாண், அரைச் சாண் என்று கரையை வயலோடு சேர்த்துக்கொண்டவர்கள் அயலார் அல்லர். கொள்ளாமை என்னும் அணுவிரதம் பூண்டவர் பிறர் பொருளை எடுக்காதவர் மட்டும் அல்லர். நீரின் வழியையும் எடுக்காதவர். அந்த நீர் வழி தேடிப் போய் நின்ற இடம் ஏழையின் அடுப்பங்கரை.

இதனை எண்ணும்பொழுது, நாம் கொடுத்த அரிசியில் ஒரு பகுதி தானம் என்றும், மற்றொரு பகுதி திருப்பிச் செலுத்திய கடன் என்றும் கொள்வதே உண்மைக்குப் பொருந்தும்.

எது நம்முடையது?

இனிக் கோயில் நிதியைப் பற்றிய வாதத்திற்கு வருவோம். தேவத்திரவியத்தைத் தொடலாகாது என்று சொன்னவர் சொன்னது சரியே. பூசைக்கும் திருப்பணிக்கும் என்று ஒருவர் மனமுவந்து அளித்ததை வேறொன்றிற்குத் திருப்பும் உரிமை நமக்கு இல்லை. ஆனால் அவ்வாறு சொன்னதோடு நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணியதே பிழை. கோயில் பணத்தைத் தொடக்கூடாது என்றால் அதன் பொருள் என்ன? நம் பணத்தைத் தொட வேண்டும் என்பதே அதன் பொருள்.

பிறருக்கு நலம் விளையும்பொருட்டுத் தன்னுடைய பொருளைத் துறப்பது தானம் என்பது தத்துவார்த்த சூத்திரம் தரும் இலக்கணத்தின் கருத்து. இதில் ‘தன்னுடையது’ என்பது சிந்திக்கத் தக்கது. ஊர்ப் பொதுப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு நாம் தானம் செய்ததாக மகிழ்வதற்கு இடமில்லை. நம் முன்னோர் அதிதி சம்விபாக விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறினர். அவற்றுள் பரவியபதேசம் என்பது ஒன்று. கொடுக்க வேண்டிய பொருளை இது பிறருடையது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதும், பிறர் பொருளைக் கொண்டு தாம் கொடுத்தவராகத் தோன்றுவதும் அக்குற்றத்தின்பால் படும். அன்றைக்கு மண்டபத்தில் இருந்த எங்களில் பலர், கோயில் பணத்தைக் கொடுக்கலாம் என்றவரும் கூடாது என்றவரும் ஆக, தம் மடியை அவிழ்க்காமலே பேசிக்கொண்டிருந்தோம்.

காலம் கடந்த கொடை

அதே ஐந்து அதிசாரங்களுள் காலாதிக்கிரமம் என்பதும் ஒன்று. உரிய வேளை தவறிய பின் கொடுப்பது என்பது அதன் பொருள். துறவியர்க்கு ஆகாரம் அளிக்கும் விரதத்திற்குச் சொல்லப்பட்ட குற்றமாயினும், அதன் உட்பொருள் எல்லாக் கொடைக்கும் பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை இரவில் ஒரு குவளை வெந்நீர் செய்திருக்கக்கூடிய நன்மையைப் புதன்கிழமை வந்த ஒரு மூட்டை அரிசியால் செய்ய முடியவில்லை. காலம் தவறியதும் சிறியது பெரியதாகிவிடுகிறது, பெரியது சிறியதாகிவிடுகிறது.

மாத்சரியம் என்பது மற்றொரு குற்றம். பிறர் கொடுப்பதைக் கண்டு போட்டியால் கொடுப்பதும், மதிப்பின்றிக் கொடுப்பதும் அதனுள் அடங்கும். அடுத்த ஊரார் இரண்டு வண்டி அனுப்பினார்கள் என்று கேட்ட பிறகே எங்கள் ஊரில் முடிவு விரைந்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

வேண்டுவது எது என்று அறிதல்

கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், ஏற்பவர் என்னும் நான்கின் சிறப்பால் தானத்தின் பயன் வேறுபடும் என்று சூத்திரகாரர் உரைத்தார். இவற்றுள் பொருளைப் பற்றி நம்மவர் நன்கு அறிந்த வரலாறு ஒன்று உண்டு.

ஆதிபகவன் ஆறு திங்கள் யோகத்தில் நின்ற பின்னர் ஆகாரத்தின்பொருட்டு எழுந்தருளியபொழுது, மக்கள் அன்பில் குறைந்தவர்களாக இல்லை. பொன்னும் மணியும் யானையும் குதிரையும் கொண்டுவந்து திருமுன் நிறுத்தினார்கள். ஆனால் பெருமானுக்கு வேண்டியது எது என்பதை அறிந்தவர் ஒருவரும் இல்லை. பல திங்கள் கழிந்தன. அத்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன் முற்பிறப்பில் முனிவர்க்கு ஆகாரம் அளித்ததை நினைவுகூர்ந்து, முறைப்படி எதிர்கொண்டு, கரும்பின் சாற்றை அளித்தான். அந்நாளையே அட்சய திருதியை என்று போற்றுகிறோம். யானையைக் காட்டிலும் கரும்புச்சாறு விலையில் குறைந்ததுதான். ஆயினும் அது வேண்டிய பொருளாக இருந்தது. ஆகவே அதுவே தானமாயிற்று. தீர்த்தங்கரருக்கு அளித்த பாத்திர தானத்தையும் துயருற்றோர்க்கு அளிக்கும் கருணை தானத்தையும் நாம் ஒன்றாக்கவில்லை. ஏற்பவருக்கு வேண்டுவதை அறிந்து கொடுத்தல் என்னும் பாடம் இரண்டிற்கும் பொது என்பதே நம் கருத்து.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபொழுது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர். நாடெங்கிலுமிருந்து உதவிகள் குவிந்தன. அவற்றோடு பழந்துணிகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. ஏற்பார் இன்றி அவை சாலையோரங்களில் மலைபோல் கிடந்து மழையில் நனைந்ததை அந்நாளில் கண்டவர் பலர். கடலில் வீடும் வலையும் மக்களும் இழந்து நின்ற மீனவர்கள் பிச்சை கேட்டு நின்றவர்கள் அல்லர். உழைத்து உண்ட மானமுள்ள மக்கள். நமக்கு வேண்டாததை வெளியேற்றுவதற்கு அவர்களுடைய துயரம் ஒரு வாய்ப்பாகக் கூடாது. நம் வீட்டுப் பரணைத் துப்புரவு செய்வது தானம் ஆகாது.

நான்கு தானங்களும் வெள்ளமும்

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்று தானத்தை நான்காக வகுத்தனர் நம் பெரியோர். வெள்ளத்தால் நலிந்த ஊரில் இந்நான்கும் எவ்வாறு அமையும் என்பதைச் சிறிது காண்போம்.

ஆகார தானம் முதல் நாளில் சமைத்த சோறும் கொதித்து ஆறிய நீரும் ஆகும். அடுப்பு நனைந்த வீட்டில் அரிசி பயன் தராது. பகற்பொழுதிலேயே, வடிகட்டிய நீரில், தூய முறையில் சமைத்து, பொழுது சாய்வதற்கு முன் கொண்டு சேர்ப்பது நம் ஒழுக்கத்திற்கும் பொருந்தும். பசித்தவர்க்கும் வேளையில் கிட்டும். நீர் வடிந்த பிறகு ஆகார தானம் வேறு வடிவம் கொள்கிறது. பயிர் அழுகிய சிறு விவசாயிக்கு விதை நெல்லோ, தையில் விதைக்க உளுந்தோ கொடுப்பது ஒரு பருவத்து உணவையே கொடுப்பதாகும்.

ஔஷத தானம் வெள்ளம் வடிந்த இரண்டாம் வாரத்தில் மிகுதியும் வேண்டப்படுவது. வயிற்றுப்போக்கும் எலிக்காய்ச்சலும் அப்பொழுதுதான் தலைகாட்டும். கிணற்றிலும் தொட்டியிலும் குளோரின் இடுவித்தல், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் வழங்குதல், காய்ச்சல் கண்டவரைத் தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஒரு வண்டியை ஒதுக்குதல் ஆகியன பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை.

சாத்திர தானம் என்றால் ஏடுகளை அச்சிட்டு வழங்குவது என்று மட்டும் நினைக்கிறோம். பொதுத்தேர்வுக்கு மூன்று திங்கள் இருக்கும்பொழுது புத்தகங்கள் அனைத்தும் நீரில் ஊறிப்போன பத்தாம் வகுப்பு மாணவிக்குப் பாடநூல் வாங்கிக் கொடுப்பதும் ஞானதானமே. குடும்ப அட்டை, சாதிச் சான்று, நிலப் பட்டா ஆகியவற்றை இழந்தவர்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து அலுவலகத்திற்கு உடன் செல்வதும் ஞானதானமே. நம்மில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்!

அபய தானம் நான்கினுள்ளும் தலையாயது. திருக்கோவிலூர் வட்டாரத்துப் பள்ளிச்சந்தலில் உள்ள சமணக் கல்வெட்டு ‘அஞ்சினான் புகலிடம்’ என்னும் தொடரைத் தாங்கி நிற்கிறது. அஞ்சி வந்தவர் யாராயினும் அவருக்குப் புகலிடம் அளித்துக் காக்கும் இடத்தை நம் முன்னோர் அப்பெயரால் வழங்கினர். 2024இல் பெண்ணையாறு பெருகி மக்கள் அஞ்சி ஓடியதும் அந்த வட்டாரத்தில்தான். அவர்களுடைய வழித்தோன்றல்களாகிய நம் வீட்டுத் திண்ணைகளும் திருமண மண்டபங்களும் அன்றிரவு திறந்திருந்தனவா என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். அபயம் மனிதர்க்கு மட்டும் உரியதன்று. கட்டிய கயிற்றோடு நீரில் நிற்கும் மாட்டிற்கும் ஆட்டிற்கும் கயிற்றை அவிழ்த்துவிடுவது அபயம்; மேய்ச்சல் மூழ்கிய நாட்களில் வைக்கோல் அளிப்பதும் அபயம். பல உயிர்கள் நீரினால் அன்றிக் கயிற்றினால் மாள்கின்றன.

கொடுப்பதற்கு முன் வாங்காதிருத்தல்

தானத்தைப் பற்றிப் பேசும்பொழுது நாம் மறந்துவிடுவது ஒன்று உண்டு. வலக்கையால் ஒரு படி கொடுத்துவிட்டு இடக்கையால் ஒரு மரக்கால் வாங்கிக்கொண்டால் அறம் எங்கே நிற்கும்? பயிர் முழுதும் அழுகிய ஆண்டில் குத்தகை நெல்லைக் கேட்காமல் விடுவது, நனைந்த வீட்டில் சென்று வட்டியைக் கேட்காமல் இருப்பது, கடை வைத்திருப்பவர் பால் பொட்டலத்தையும் மெழுகுவத்தியையும் வழக்கமான விலைக்கே விற்பது ஆகிய இவற்றைச் செய்பவர் ஒரு காசும் கொடுக்காவிட்டாலும் பெருங்கொடையாளரே ஆவார். இவற்றைச் செய்யாமல் அரிசி மூட்டையோடு படம் எடுத்துக்கொள்பவரைப் பற்றி நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

படம் என்றவுடன் மற்றொன்று நினைவிற்கு வருகிறது. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் உபகூகனம் என்பது பிறருடைய குறையை மறைத்துக் காப்பது. ஒருவர் கையேந்தி நிற்கும் நிலை அவர் வாழ்வில் வந்த ஒரு குறைவேளை. அதனைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுவது அந்த அங்கத்தைச் சிதைப்பதாகாதா? கொடுத்ததைக் கணக்கில் எழுதலாம். வாங்கியவர் முகத்தைக் காட்ட வேண்டியதில்லை.

நம்மவர்க்கு முதலில் என்று சொல்வாரும் உளர். ஜினசேனாசாரியர் ஆதிபுராணத்தில் தயாதத்தி, பாத்திரதத்தி, சமதத்தி, அன்வயதத்தி என்று கொடையை நான்காகப் பிரித்தருளினார். துறவியர்க்கு அளிப்பதும், ஒத்த நிலையினரான அறத்தோர்க்கு அளிப்பதும், குடிவழியினர்க்கு அளிப்பதும் தனித்தனியே வகுக்கப்பட்டன. தயாதத்தியோ அஞ்சி நடுங்கும் உயிர்கள் யாவற்றுக்கும் உரியது. அங்கே குலமும் சமயமும் கேட்பதற்கு இடம் வைக்கப்படவில்லை.

நாம் செய்யக்கூடியது

நாலடியார் செல்வம் நிலையாமையை முதல் அதிகாரமாக வைத்துத் தொடங்கி, பின்பு ஈகைக்கென்று ஓர் அதிகாரம் வகுத்தது. செல்வம் நில்லாது என்று உணர்ந்தவனுக்கே கொடை எளிதாகும் என்பதை அம்முறைவைப்பு நமக்கு நினைவூட்டுகிறது. வெள்ளம் நிலையாமையை ஒரே இரவில் கற்பித்துவிட்டுப் போயிற்று. நீர் வடிந்தவுடன் பாடமும் வடிந்துவிடாமல் காப்பது நம் பொறுப்பு.

மூதாட்டியின் சொல்லைக் கேட்டுத் திரும்பிய நாங்கள் பின்னர் ஒரு சிறு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒவ்வொரு குடும்பமும் அறுவடைக் காலத்தில் தம் விளைவிலிருந்து ஒரு பங்கை அபயதானத்திற்கென்று ஒதுக்குகிறது. இது கோயில் கணக்கில் சேராது; தனியாகவே எழுதப்படுகிறது. இரண்டு பெரிய அண்டாக்கள், எரிவாயு அடுப்பு, தார்ப்பாய்கள், காய்ந்த விறகு, விளக்குகள் ஆகியவை நனையாத அறை ஒன்றில் வைக்கப்பட்டுள்ளன. ஐப்பசி பிறந்ததும் அவற்றை எடுத்துப் பார்த்துச் சீர்செய்ய இருவர் பொறுப்பேற்றுள்ளனர். மழை வந்தால் கூட்டம் கூட்டிக் கேட்க வேண்டியதில்லை. அவ்விருவரும் உடனே அடுப்பை மூட்டலாம் என்று முன்கூட்டியே ஊரார் இசைவு அளித்துவிட்டோம். வாதம் செய்ய விரும்புவோர் மழை ஓய்ந்த பிறகு செய்துகொள்ளலாம்.

வரத்துக்காலைப் பற்றியும் பேச்சு எழுந்தது. அது எளிதாக இல்லை. சிலர் தம் வயலோரத்தை விட்டுக் கொடுத்தனர். சிலர் இன்னும் கொடுக்கவில்லை. அரிசி கொடுப்பதைக் காட்டிலும் அரைச் சாண் நிலம் விடுவது அரிதாக இருக்கிறது. தன்னுடையதைத் துறத்தல் என்னும் சொல்லின் முழுப் பொருளையும் அப்பொழுதுதான் உணர்ந்தோம்.

அன்பர்களே, தசலக்ஷண பர்வத்தின் எட்டாம் நாளில் உத்தம தியாகத்தைப் போற்றி வழிபடுகிறோம். வரும் ஆண்டில் அந்நாளில், வழிபாடு முடிந்ததும், குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து மூன்று வினாக்களைத் தம்முள் கேட்டுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். அடுத்த வெள்ளம் வரும் இரவில் நம் வீட்டிலிருந்து முதலில் புறப்படப் போவது யார்? கையில் எடுத்துச் செல்லப் போவது எது? அதுவரையில் நாம் யாரிடமிருந்து எதை வாங்காமல் விடப் போகிறோம்? இம்மூன்றிற்கும் விடை எழுதி வைத்த குடும்பம், வினை என்று சொல்லி விலகாது.

அந்த மூதாட்டியின் பேரன் நலமடைந்து இன்று பள்ளிக்குச் செல்கிறான். அது அவனுடைய சாதா வேதனீயம். நம்முடைய புண்ணியம் அன்று. நம்முடையது அடுத்த மழையில்தான் தெரியவரும்.

எல்லா உயிர்களும் அச்சமின்றி வாழ்க! அருகப் பெருமான் திருவடி வாழ்க! அறம் வளர்க!